அந்தமானில் பட்டதாரிகளிடையே வேலையின்மை: தொண்டு நிறுவனங்கள் வழிகாட்டுமா?

அந்தமான் - நிகோபார் தீவுகளில் 15 வதும் அதற்கு மேலும் வயதுடைய பட்டதாரிகளிடையே வேலையின்மை விகிதம் 33 சதவீதமாக இருந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை மத்திய அரசு நடத்திய தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, அப்போது இது நாட்டிலேயே மிக அதிகமாக இருந்தது. தேசிய சராசரி 13.4 சதவீதமாக இருந்தது.

பெருந்தொழில்கள் இல்லாத இத்தீவுகளில் படித்தவர்கள் பெரும்பாலும் அரசுப் பணியையே எதிர்நோக்குகின்றனர். தொண்டு நிறுவனங்கள் சிறியதொரு மாற்று வழியைக் காட்டுகின்றன. சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை வண்டூரில் உருவாக்கிய அந்தமான் நிகோபார் சுற்றுச்சூழல் குழுவில், கரேன் சமூகத்தினர் நீண்டகாலமாகக் களப்பணியாற்றி வருகின்றனர். 1925 முதல் பர்மாவிலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களான இவர்களுக்குக் கடலும் காடும் தந்த அறிவே தகுதி. லிட்டில் அந்தமானில் 2008 முதல் நடைபெறும் லெதர்பேக் கடலாமைக் கண்காணிப்பிலும் அவர்களது பங்கு முக்கியமானது.

எனினும், இத்தகைய பணியிடங்கள் சொற்பம். பெரும்பாலும் திட்ட நிதியைச் சார்ந்தவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பல அமைப்புகள் தீவுகளுக்கு வந்தன. ஆனால், நிவாரணப் பணி நிரந்தர வேலையாகாது.

கணக்கெடுப்பு, தரவுப் பதிவு, ஆழ்கடல் நீச்சல் ஆகியவற்றில் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளித்தால், வெளியிலிருந்து ஆய்வுப் பணியாளர்களை வரவழைக்கும் தேவை குறையும். வேலையின்மை முழுவதையும் அது தீர்த்துவிடாது. ஆயினும், உருவாகும் பணிகள் தீவு இளைஞர்களுக்கே கிடைக்க வழி பிறக்கும்.