முடிவு எழுத அதிகாரமில்லாதவர்கள்

அடையாறில் வசிக்கும் நண்பர் ஒருவர் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார். ஜேம்ஸ் பாண்ட் 'குடும்பத்தின்' கையை விட்டுப் போய்விட்டானாம். வெகுஜன சினிமாவைக் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். அவருக்கே தொண்டை கம்மிற்று. 2025 பிப்ரவரி 20 அன்று பார்பரா ப்ராக்கலியும் மைக்கேல் வில்சனும் சிருஷ்டி சம்பந்தமான அதிகாரத்தை அமேஸானிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு குடும்பம் பொத்திப் பொத்திக் காத்த பொருளைக் கடைக்காரன் கொண்டுபோய்விட்டான் என்கிறார்.

இந்தத் துக்கத்தில் எனக்குப் பங்கில்லை. முதலில், அது முழுக்கக் குடும்பச் சொத்தாக இருந்ததே இல்லை. 1962ல் 'டாக்டர் நோ'வை எடுத்தவர்கள் ஆல்பர்ட் ப்ராக்கலி, ஹாரி ஸால்ட்ஸ்மன் என்ற இரு வியாபாரிகள். ஸால்ட்ஸ்மன் கடனில் மாட்டிக்கொண்டு தன் பாதியை 1975ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு விற்றார். 1981ல் அந்த ஸ்தாபனத்தை எம்.ஜி.எம். விழுங்கியது. 2022ல் எம்.ஜி.எம்.மை அமேஸான் சுமார் 845 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆக, அரை பாண்ட் ஐம்பது வருஷமாகக் கை மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். வாங்கியவன் புத்தகக் கடையாக வியாபாரத்தை ஆரம்பித்தவன் என்பதுதான் இதில் எழுத்தாளர்கள் சிரிக்க வேண்டிய இடம்.

துக்கப்படுகிறவர்கள் கவனிக்காத தேதி வேறொன்று உண்டு. பாண்டை எழுதிய இயான் ஃப்ளெமிங் 1964ல் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த வருஷம் கழிந்து அறுபது வருஷம் வரைக்கும்தான் உரிமை. எனவே அவர் உயிரோடிருந்தபோது வெளியான நாவல்கள் 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொதுச்சொத்து. இங்கிலாந்தில் இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். லஸ் நடைபாதையில் முன்பு நான் பேரம் பேசி வாங்கிய, அட்டை கிழிந்த 'கேஸினோ ராயல்' இப்போது யாருடையதும் அல்ல. மயிலாப்பூரில் திண்ணையில் உட்கார்ந்து யாரையும் கேட்காமல் அதைத் தமிழாக்கிப் பிரசுரிக்கலாம். அந்த நாவல்களுக்கு இங்கே விடுதலை கிடைத்து, சரியாக ஐம்பதாவது நாள், அமேஸான் அதிகாரத்தைப் பெற்ற அறிவிப்பு வந்தது.

இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது ஒரு விஷயம் தெளிவாகிறது. எழுத்தாளன் சாகிறான், காலம் தாழ்த்தியாவது அவன் உரிமையும் சாகிறது. வியாபார முத்திரைக்குச் சாவு கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். கதை என்பது சாகக்கூடிய வஸ்து. அதை முத்திரையாக மாற்றிவிட்டால் சாகாது. பெரிய ஸ்தாபனங்கள் கதைக்கு இத்தனை கோடி கொடுப்பது இந்த மாற்றத்துக்காகத்தான். 2021ல் வந்த இருபத்தைந்தாவது படத்தின் கடைசியில், ஏவுகணைகள் வந்து விழ, பாண்ட் நம் கண் முன்னால் செத்தான். பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்ததும், அவன் மீண்டும் வருவான் என்று திரையில் எழுத்து வந்தது. அந்த வரியை எந்தக் கலைஞனும் எழுதவில்லை, உடைமை எழுதிற்று. குடும்பத்தின் காலத்திலேயே எழுதிற்று என்பதை நண்பர் கவனிக்க வேண்டும்.

அடுத்த படத்துக்கு டெனி வில்னேவ் டைரக்டர் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். கெட்டிக்காரர். நல்ல படமே எடுக்கலாம். யார் எடுக்கிறார்கள் என்பதல்ல என் கேள்வி. முடிக்கிற அதிகாரம் யாருக்கு? சிருஷ்டி என்றால் முடிவு எழுதும் அதிகாரம் என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சம்பளத்துக்கு வரும் டைரக்டரிடம் அது கிடையாது.

இது அந்நிய விவகாரம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. 1986ல் கமல்ஹாசனின் சொந்த ஸ்தாபனம் 'விக்ரம்' எடுத்தபோது அதற்குக் கதை சுஜாதா. குமுதத்தில் தொடராகவும் வந்தது. கடத்தப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை ராஜ்யம், அங்கே ஒரு தமிழ் உளவாளி. நம் வட்டாரத்தில் அன்று இதை மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தோம். அந்த மதிப்பீட்டை நான் இப்போதும் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அது தொடங்கி, நடந்து, முடிந்த ஒரு கதை. 2022ல் அதே ஸ்தாபனத்திலிருந்து அதே பெயரில் லோகேஷ் கனகராஜ் எடுத்த படம் வந்தது. 2019ல் வேறொரு ஸ்தாபனம் தயாரித்த 'கைதி'யோடு இது கண்ணி கோத்தது. 2023ல் மூன்றாவது ஸ்தாபனத்தின் 'லியோ' இதோடு சேர்ந்துகொண்டது. மூன்று முதலாளிகள், ஒரே பிரபஞ்சம்! படத்தின் கடைசி நிமிஷங்களில் சூர்யா ரோலெக்ஸாக வருகிறார். தியேட்டர் அலறியது, நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீடு திரும்பும்போதுதான் யோசித்தேன். நான் நிமிர்ந்தது இந்தப் படத்தின் முடிவுக்கு அல்ல, இன்னும் எடுக்காத ஒரு படத்தின் விளம்பரத்துக்கு.

டைரக்டரே சேர்ந்து எழுதுகிறார், நடிகரே தயாரிக்கிறார், இதை அமேஸானோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அளவு வேறு, போகிற வழி ஒன்று. நம் சட்டமும் அந்த வழியைத்தான் காட்டுகிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' யார் தெரியுமா? தயாரிப்பாளர். கதை எழுதியவனும் அல்ல, டைரக்டரும் அல்ல. ஆசிரியன் செத்துவிட்டான் என்று பிரெஞ்சுக்காரர்களைப் படித்துவிட்டு நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அவன் நாற்காலியில் ஏற்கனவே வேறு ஆளை உட்கார்த்திவிட்டது.

இதில் எனக்குச் சொந்தக் காயமும் உண்டு. மறைப்பதற்கில்லை. சில வருஷங்களுக்கு முன் தி. நகரில் ஒரு அலுவலகத்தில் என் சிறுகதை ஒன்றைப் படத்துக்கு விற்றேன். மயிலாப்பூர் மாடவீதியில் அலையும், ஓய்வு பெற்ற ஒரு ஹெட்கிளார்க்கைப் பற்றிய கதை. பணம் தேவையாயிருந்தது. இருபது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், இனிக் கண்டுபிடிக்கப்போகும் சாதனங்கள் உட்பட, கதையும் 'பாத்திரங்களும்' அவர்களுடையவை. படம் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார்கள். பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். கால அளவு எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. எல்லாம் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரைதான். என்னுடையதில் எல்லாமே வேறுவிதமாகக் குறிப்பிட்டிருந்தது. ஹெட்கிளார்க்கைப் பற்றி இரண்டாவது கதை மனசில் இருக்கிறது. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

இந்த ஊர் இந்தக் கேள்வியை ஏற்கனவே ஒருமுறை சந்தித்திருக்கிறது. 1940களில் பாரதி பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஏவி. மெய்யப்பன் கையில் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாடலைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்களோடு தகராறு வந்தது. ஒரு தேசம் பாடுகிற பாட்டு ஒரு படக் கம்பெனிக்குச் சொந்தமா என்று எழுத்தாளர்கள் கேட்டார்கள். 1949ல் சென்னை அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் விலை கேட்காமல் கொடுத்தார். கவியின் குடும்பத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. பாரதியும் ஜேம்ஸ் பாண்டும் ஒன்றா என்று யாராவது கேட்டால் அவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அன்று ஜெயித்தது பாரதியின் மேன்மை மட்டுமல்ல, கேட்க ஆள் இருந்ததும்தான்.

இன்று நம்மில் கேட்க யார் இருக்கிறார்கள்? நம் வட்டாரத்துப் பதில் எனக்குத் தெரியும்: நம்மை யார் வாங்கப் போகிறார்கள்? இதில் தன்னடக்கம் இல்லை, கர்வம்தான் இருக்கிறது. விலை போகாததையே சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் படக் கம்பெனிகளுக்கும் வீட்டுத் திரைக்குத் தொடர் எடுப்பவர்களுக்கும் கதைப் பஞ்சம். முந்நூறு பிரதி விற்கும் பத்திரிகைகளையும் அவர்கள் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாளை உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள், பணம் வாங்குங்கள், தப்பில்லை. ஒரு படத்துக்கு மட்டும் கொடுங்கள். 'பாத்திரங்கள்' என்ற வார்த்தையை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலத்தை வருஷக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். 2012ல் திருத்திய சட்டப்படி ராயல்டியில் உங்கள் பங்கை நீங்களே நினைத்தாலும் அவர்களுக்குத் தாரைவார்க்க முடியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மறுத்தால் எழுந்து வாருங்கள்.

அமேஸானிடம் போன உளவாளியைப் பற்றி நண்பர் இனியும் வருத்தப்படட்டும். அவன் இன்னும் பத்துத் தடவை செத்துப் பத்துத் தடவை வருவான். என் ஹெட்கிளார்க்குக்கு எழுபத்தெட்டு வயசாகிறது, நெஞ்சுவலி வேறு. இரண்டாவது கதையில் அவர் கபாலீசுவரர் கோயில் குளப்படியில் உட்கார்ந்தபடியே இறந்துபோக வேண்டும். அந்தச் சாவை எழுத நான் தி. நகரில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.