‘ஒரு லைஃப் எடுத்துக்கிறேன்டா!’: கான்ட்ரா வளர்த்த நட்பு

1987-ல் கொனாமி வெளியிட்ட ‘கான்ட்ரா’ நினைவிருக்கா? டிவியில் செருகி ஆடிய கேமில் ஆளுக்கு 3 லைஃப். நம்முடையது தீர்ந்தால், கூட ஆடுபவரின் லைஃபில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். என் பக்கத்து வீட்டு நண்பன் கேட்காமலே எடுப்பான். சண்டை வரும். மறுநாள் காலையில் அவனே வந்து கதவைத் தட்டுவான்.

இன்று கேம் என்றாலே பெற்றோருக்குப் பயம். பணம் கட்டி ஆடும் கேம்களைப் பொறுத்தவரை அது நியாயமே. அவற்றைத் தடுக்க 2025-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. எல்லா கேமும் ஒன்றல்ல.

‘எவ்வளவு நேரம் ஆடினே?’ என்பதோடு, ‘யாரோட ஆடினே?’ என்றும் பிள்ளைகளிடம் கேட்போம்.

அவனோடு பேசி 4 வருஷம் ஆச்சு. இன்னைக்கு ராத்திரி போன் பண்ணப் போறேன். நீங்க?