தென்கோடிக் கதவு

பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கம் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை விடாமல் படிப்பேன். எல்லாருக்கும் ராஜா ராணிகள் மேல்தான் கண். ஷெனான்சோ மாளிகை என்றால், அரசர் இரண்டாம் ஹென்றியின் காதலி தியானிடமிருந்து அவருடைய ராணி கத்தரீன் அதைப் பறித்துக்கொண்ட கதையோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கோ ஷெர் ஆற்றின் குறுக்கே, பாலத்தின் மேல் எழுப்பிய அந்த 60 மீட்டர் நீளக் கூடத்தைத் தாண்டி மனம் நகர்வதில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, இருபுறமும் ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள். கத்தரீன் விருந்து கொடுத்த இடம். முதல் உலகப் போரில் அங்கே காயம்பட்ட சிப்பாய்களின் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. மாளிகையின் சொந்தக்காரர்களான மெனியே என்ற சாக்லேட் வியாபாரக் குடும்பம் தன் செலவிலேயே மருத்துவமனை நடத்தியது. 1940-இல் ஜெர்மானியர் பிரான்சைப் பிரித்தபோது ஷெர் ஆறே எல்லைக் கோடானது. முன்வாசல் நாஜிகளின் பிடியில். கூடத்தின் தென்கோடிக் கதவைத் திறந்தால் அவர்கள் பிடிக்காத மறுகரை. அந்த வழியாகத் தப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. பக்கத்து ஷாம்போர் கோட்டையும் சளைத்ததல்ல. 1939-இல் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து வெளியேற்றிய ஓவியங்களுக்கு, மோனா லிசா உட்பட, அதுதான் அடைக்கலம் தந்தது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ராணியின் கட்டிலைக் காட்டியதோடு திரும்பிவிடாமல், இந்தக் கதைகளையும் சொல்லுங்கள். ஒரு மாளிகையின் பெருமை, அதைக் கட்டியவரின் செல்வத்தில் இல்லை. ஆபத்துக் காலத்தில் அது யாருக்குப் பயன்பட்டது என்பதில்தான் இருக்கிறது.