கெட்டி மரம், வளையும் கழுத்து

சொந்தமாகச் சொல்லிச் செய்யும் கிட்டார்களின் கழுத்துக்கு மேப்பிளை விட்டு வெங்கே, பாடாக், புபிங்கா, ரோஸ்வுட் போன்ற வெப்பமண்டல வன்மரங்களைத் தேடுவோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. இவை மேப்பிளைவிடக் கெட்டி, ஆகவே வளையாது. உள்ளுக்குள்ளேயே எண்ணெய் உண்டு, ஆகவே பூச்சு வேண்டாம். கனமானவை, ஆகவே நாதம் நீளும். மூன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருப்பதால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது.

மரத்தின் கெட்டித்தன்மையை அளப்பவர்கள், ஒரு சிறு எஃகுக் குண்டு அதன் பரப்பில் பாதி புதைய எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறார்கள். நகம் பட்டால் தடம் விழுமா என்பதை அந்த அளவு சொல்லும். கழுத்து வளையுமா என்பதைச் சொல்லாது. அதற்கு விறைப்பு என்னும் வேறொரு குணத்தைப் பார்க்க வேண்டும். ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட், கெட்டியில் மேப்பிளை ஒன்றரை மடங்குக்கு மேல் விஞ்சுகிறது. விறைப்பிலோ மேப்பிளின் சராசரி ஏறத்தாழ 12.6 கிகாபாஸ்கல், ஈட்டியின் சராசரி 11.5. ஆப்பிரிக்கப் பாடாக்கும் 12-ஐத் தொடுவதில்லை. வெங்கேயும் புபிங்காவும் 17, 18 என்று உண்மையாகவே விறைப்பானவை. ஆனால் ‘அயல்மரம்’ என்ற ஒரே பெயரின்கீழ் எல்லாவற்றையும் அடைத்து ஒரே குணம் சொல்ல முடியாது. தவிர, இவையெல்லாம் சராசரிகள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை.

மரத்தின் விறைப்பு இரட்டித்தால் கழுத்தின் விறைப்பும் இரட்டிக்கும். கழுத்தின் தடிமனோ மும்மடிக் கணக்கில் வேலை செய்யும். 20 மில்லிமீட்டர் கழுத்தை 21 ஆக்கினால் போதும், விறைப்பு ஏறக்குறைய 16 விழுக்காடு கூடிவிடும். மரத்தை மாற்றிப் பெற நினைப்பதில் பாதியை இழைப்புளி பிடிப்பவரின் கை தீர்மானிக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் சாதாரணத் தந்திக் கட்டு ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது. அந்த இழுப்பைச் சமன்செய்யக் கழுத்துக்குள் எஃகுக் கம்பி வைக்கும் முறையை கிப்சன் நிறுவனம் 1920-களிலேயே கொண்டுவந்தது. 1950-இல் ஃபெண்டர் தன் முதல் கிட்டார்களை மேப்பிளின் உறுதியை நம்பிக் கம்பி இல்லாமலே செய்து பார்த்தது, விரைவில் கம்பியைச் சேர்த்துக்கொண்டது. இன்று வெங்கேக்குச் சொல்லும் வாதம் அன்று மேப்பிளுக்குச் சொல்லப்பட்டதுதான்.

இம்மரங்களின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது மேப்பிள் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 10 விழுக்காடு சுருங்கும்; ரோஸ்வுட் 6, பாடாக் 5. ஈரக்காற்றிலும் வறண்ட காற்றிலும் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதற்கு இந்தக் குறைந்த சுருக்கம் உதவுகிறது. அதுவும் நன்றாகக் காய்ந்த, ரேகை நேராக ஓடும் பலகைக்கே பொருந்தும். பக்கவாட்டில் பார்க்கும்போது ரேகை பலகையை விட்டு வெளியே ஓடினால், எவ்வளவு விலை கொடுத்த மரமும் தந்தி ஏறியதும் கோணும். அழகான சுழி ரேகை கழுத்துக்கு ஆகாது. அதை உடற்பகுதியின் மேல்தகட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்ந்த தச்சர்கள் கழுத்தைச் சற்றுப் பெரிதாக அறுத்துச் சில வாரம் கிடக்க விட்டு, அடக்கி வைத்திருந்த திருகலை மரம் வெளிப்படுத்திய பிறகே மறுபடி இழைக்கிறார்கள்.

பூச்சு வேண்டாம் என்பது மூன்றிலும் மிகவும் பரவிய கூற்று. மரத்திலுள்ள பிசினும் எண்ணெய்த் தன்மையும் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும். காற்றின் ஈரம் உள்ளே புகுவதை முழுதாகத் தடுக்காது. தலைப்பகுதியிலும் அடியிலும் குறுக்கு வெட்டு தெரியும் இடங்களில் ஈரம் வேகமாக ஏறி இறங்கும். பூசாத கழுத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் ஜெர்மனியின் வார்விக் பேஸ் கிட்டார்களில் தேன்மெழுகு தேய்க்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர் அவ்வப்போது மறுபடி தேய்க்க வேண்டும். அது பராமரிப்பு கேட்கும் பூச்சு, அவ்வளவே.

எதையாவது பூசினால் சரி என்பதும் தவறு. ரோஸ்வுட் இனத்து மரங்களின் பிசின், ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதைத் தடுக்கிறது. நாள் கணக்கில் பிசுபிசுப்பு போகாது. மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய முதல் பூச்சாகக் கொடுத்து, அது காய்ந்தபின் லாக்கரோ பாலியுரேத்தேனோ அடிப்பதே பழகிய வழி. ஒட்டும்போதும் உப்புத்தாள் போட்டு அசிட்டோனால் துடைத்து, பிசின் மீண்டும் கசிவதற்குள் பசை தடவ வேண்டும்.

பாடாக்கில் ஸ்பிரிட்டே ஆபத்து. நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவான அதன் சிவப்பு ஸ்பிரிட்டில் இறங்கி, பக்கத்தில் ஒட்டிய மேப்பிள் பட்டையில் கறையாகப் படியும். துணியால் துடைக்காமல் தூளைக் காற்றால் ஊதிவிட்டு, முதல் பூச்சை விசிறியடிப்பது பாதுகாப்பு. அந்தச் சிவப்பு வெயிலில் பழுப்பாவதைத் தெளிந்த பூச்சு எதுவும் முற்றிலும் நிறுத்தாது. வெங்கேயின் நுண்துளைகள் பெரியவை. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் முதலில் நிரப்பியாக வேண்டும். அதன் சிலாம்பு குத்தினால் புண் சீழ்பிடிப்பதுண்டு, தூளும் மூச்சைப் பாதிக்கும். முகமூடி இல்லாமல் இழைக்கக் கூடாது.

நாதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கழுத்து தானும் அதிரும் சுருதிகளில் தந்தியின் ஆற்றலை அது உறிஞ்சிக்கொள்வதால், சில ஸ்வரங்கள் சீக்கிரம் அடங்குகின்றன. கனத்த மரம் அந்த ஸ்வரங்களை இடம் மாற்றும், ஒழிக்காது. மேப்பிளைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கனமான வெங்கே, இலேசான உடலோடு சேர்ந்தால் தலைப்பக்கம் கீழே சாயும். நாதம் நீண்டதோ இல்லையோ, வாசிப்பவரின் இடது கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

காசு இருந்தால் எந்த மரமும் கிடைக்கும் என்ற எண்ணமும் செல்லாது. பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகம் 1992-இல், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலுக்குள் வந்தது. 2017-இல் மற்ற ரோஸ்வுட் இனங்களும் புபிங்காவும் அனுமதியோடு மட்டும் வணிகம் செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 2019-இல் முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தபோதும் அறுத்த மரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்கப் பாடாக்கையும் அந்த உடன்படிக்கையின் 2022 பனாமா மாநாடு பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் சொந்த நிலத்து ஈட்டியை வெட்டுவதற்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் கட்டுப்பாடு விதித்து வந்தது. பலகைக்கு விலை பேசும்போதே மரத்தின் இனமும் அது வந்த நாடும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். கழுத்து உருவாகிப் பூச்சு ஏறியபின் அந்தத் தாளைத் தேடுவது கடினம்.