வங்கியை விட்டு வெளியேறவும் நமக்கு உரிமை உண்டு

2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அரசு ஊழியர்கள் அந்த வங்கிகளில் சம்பளக் கணக்கு வைத்திருந்தால், விபத்தில் இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் கிடைக்கும். இறந்தவரின் மகளுடைய திருமணத்துக்கும் உயர்கல்விக்கும் தனியாக உதவி. அதற்குமேல் ஆயுள் காப்பீடு. ஊழியர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை.

நல்ல ஒப்பந்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வங்கிகள் இதை ஏன் கொடுத்தன என்பதை நாம் யோசிக்க வேண்டும். தர்மத்துக்காகக் கொடுக்கவில்லை. மாதம் பிறந்தால் லட்சக்கணக்கானவர்களின் சம்பளம் வந்து விழுகிறது. அதை வேறு வங்கிக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் வங்கிக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் இந்தச் சலுகை. வெளியேற முடிகிறவனுக்கே மரியாதை. வங்கிக் கவுண்டரில் மட்டுமல்ல, எங்கேயும் அப்படித்தான்.

இப்போது இன்னொரு கூட்டத்தைப் பாருங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பிள்ளைகள். இவர்களும் லட்சக்கணக்கில்தான் இருக்கிறார்கள். இவர்கள் கணக்குகளிலும் அரசுப் பணம்தான் விழுகிறது. இவர்களுக்கு எந்த வங்கி என்ன சலுகை கொடுத்தது? சலுகையை விடுங்கள், வந்த பணத்தை முழுதாகக் கொடுத்தார்களா?

2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கி மினிமம் பேலன்ஸ் அபராதத்தை மறுபடியும் கொண்டுவந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் 1,771 கோடி ரூபாய் வசூலானது. அந்த ஆண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கி சம்பாதித்த நிகர லாபத்தைவிட இது அதிகம். எதிர்ப்பு எழுந்த பிறகு அபராதத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் கைவிட்டார்கள். ஆனால் மற்ற பொதுத்துறை வங்கிகள் விடவில்லை. 2024 மார்ச்சில் முடிந்த ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். இது நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. 2025-இல்தான் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இதை எடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதுக் கணக்கு தொடங்குபவர் சராசரியாக 50,000 ரூபாய் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்து, சில நாளிலேயே 15,000-க்கு இறங்கியது.

இந்த அபராதத்தை யார் கட்டினார்கள்? கணக்கில் பணம் இருப்பவன் மினிமம் பேலன்ஸ் அபராதம் கட்டுவதில்லை. இல்லாதவன்தான் கட்டுகிறான். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்தபோது, சில வங்கிகள் அதிலும் கைவைத்தன. நிதியமைச்சரே வங்கிகளை எச்சரிக்க வேண்டியிருந்தது.

எங்கள் உதவி மையத்துக்கு வரும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "இவ்வளவு பிடிக்கிறார்களே, ஏன் வேறு வங்கிக்கு மாறவில்லை?" வரும் பதில்கள் மூன்றுதான். "காலேஜில் இந்த வங்கியில்தான் திறக்கச் சொன்னார்கள்." "மாற்றினால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடுமாம்." "மேனேஜர் அப்புறம் வா என்கிறார், மூன்று முறை போய்விட்டேன்." மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், உள்ளே போக நம்மைக் கேட்கவில்லை, வெளியே வர வழி காட்டவில்லை என்று அர்த்தம்.

இது உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 2013 முதல் கணக்கு மாற்றும் சேவை ஒன்று நடக்கிறது. ஏழு வேலை நாளில் கணக்கு புது வங்கிக்குப் போய்விடும். பழைய கணக்குக்கு வரும் பணம் தானாகவே புதியதற்குத் திருப்பிவிடப்படும். மாற்றத்தில் கோளாறு நடந்து வட்டியோ கட்டணமோ விழுந்தால், அதைத் திருப்பித் தருவதற்கு உத்தரவாதம் உண்டு. மாறி வருகிறவர்களுக்கு 100 பவுண்டு, 150 பவுண்டு என்று வங்கிகள் கையில் கொடுக்கின்றன. ஃபர்ஸ்ட் டைரக்ட் என்ற வங்கி ஒரு காலத்தில், வந்தால் 100 பவுண்டு, எங்களைப் பிடிக்காமல் போனால் இன்னொரு 100 பவுண்டு என்றே விளம்பரம் செய்தது.

நம் நாட்டில் 2011 ஜனவரியிலிருந்து செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். வங்கிக் கணக்குக்கும் அப்படி ஒரு வசதி வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்த எஸ்.எஸ். முந்த்ரா பேசினார். பேச்சு பேச்சாகவே நின்றுவிட்டது.

அதே 2017-இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. சிம் கார்டுக்காக ஆதார் சரிபார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு, அவர்களைக் கேட்காமலேயே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டது. அவர்களின் சமையல் எரிவாயு மானியம் அந்தப் புதுக் கணக்குக்குப் போனது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஏழையின் கணக்கை மாற்றுவது தொழில்நுட்பரீதியில் கஷ்டம் என்று யாரும் இனிமேல் சொல்ல வேண்டாம். நிறுவனத்துக்குத் தேவையென்றால் நமக்கே தெரியாமல் மாற்ற முடிகிறது. நாம் கேட்டால்தான் "அப்புறம் வா."

வெளியேறும்போது இழப்பீடு கேட்க முடியுமா? முடியும். எதற்கு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கியின் விதிகளே சொல்கின்றன. கிரெடிட் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கி எதுவும் இல்லையென்றால், ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது 2022 முதல் நடைமுறை. கடனை முழுதாகக் கட்டி முடித்த பிறகு வீட்டுப் பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு அவர்கள் காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். இது 2023 டிசம்பர் முதல். நகைக்கடனுக்கும் 2025 ஜூனில் விதி வந்தது. கடன் தீர்ந்த அன்றே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். தாமதமானால் இதற்கும் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாக் கடன் நிறுவனங்களும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய். நீங்கள் புகார் கொடுக்காவிட்டாலும் வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும் என்பது 2019-இன் விதி.

பத்திரத்துக்கு 5,000. கார்டுக்கு 500. ஏ.டி.எம். கோளாறுக்கு 100. உதவித்தொகைக் கணக்கை மூட இழுத்தடித்தால், மாற்ற மறுத்தால், ஒரு மாணவிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு? அதற்கென்று ஒரு தொகையே இல்லை.

பத்திரத்தின் மதிப்பு பல லட்சம், அதனால்தான் இழப்பீடும் பெரியது என்று ஒரு வாதம் வரும். சரி, மதிப்பையே கணக்கிடுவோம். உதவித்தொகை ஒரு பருவம் சிக்கிக்கொண்டால் கட்டணம் நிற்கிறது. கட்டணம் நின்றால் ஹால் டிக்கெட் நிற்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவள் அந்த இடத்தில் படிப்பை விட்டால், போவது பல லட்சமா, ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது வருடமா? இழப்பு யாருடையது என்பதைப் பார்த்து விலை போடுகிறது இந்தப் படிநிலை. படிநிலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வெளியேறும் உரிமை நமக்குப் புதிய பேச்சும் அல்ல. பம்பாய் மாகாணத்தில் மகர்கள் வதன் முறையில் கட்டுண்டிருந்தார்கள். கொஞ்சம் நிலத்துக்கும் தானியத்துக்கும் இரவும் பகலும் ஊர்வேலை, அரசுவேலை. 1928-இல் பாபாசாகேப் அம்பேத்கர் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். வேலையிலிருந்து விடுபட விரும்பும் மகர் விடுபடலாம். நிலத்துக்கு முழு வரியைக் கட்டிவிட்டு அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மசோதா அன்று நிறைவேறவில்லை. வதன் ஒழிய 1958-இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கும் வதனும் ஒன்றல்ல. ஆனால் வெளியேறும்போது நம்முடையது நம்மோடு வர வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் நமக்கு வருகிறது.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். இருக்கிற விதிகளை வைத்தே நிறையச் செய்யலாம்.

முதலில், கணக்கின் வகையைக் கேளுங்கள். அடிப்படைச் சேமிப்பு வைப்புக் கணக்கு என்று ஒன்று 2012 முதல் உண்டு. இதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஏ.டி.எம். கார்டுக்குக் கட்டணம் கிடையாது. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கள், இதற்கு மாற்றித் தரச் சொல்லி அதே வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிப்பதால் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது 2015 முதலே விதி. அரசுத் திட்டப் பணத்துக்காகவும் உதவித்தொகைக்காகவும் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை, இரண்டு வருடம் பயன்படுத்தவில்லை என்று சொல்லி செயலற்ற கணக்காக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. எந்தச் செயலற்ற கணக்கையும் மறுபடி இயக்கக் கட்டணம் வாங்கக் கூடாது.

இரண்டாவது, வங்கியை மாற்றும் வரிசையைத் தப்பாகச் செய்யாதீர்கள். மத்திய அரசின் பங்கு கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ, பணம் அங்கேதான் போகும். அதனால் புதுக் கணக்கைத் திறந்து, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்காக ஆதாரை அதில் இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இணைந்துவிட்டதா என்று ஆதார் இணையதளத்தில் பாருங்கள். பிறகு உதவித்தொகைத் தளத்திலும் கல்லூரி அலுவலகத்திலும் புது விவரத்தைக் கொடுங்கள். புதியதில் ஒரு தவணை வந்து விழுந்த பிறகே பழையதை மூடுங்கள்.

மூன்றாவது, வாயால் கேட்காதீர்கள். கணக்கை மூடும் கடிதம் இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தேதி இல்லையென்றால் தாமதம் இல்லை, தாமதம் இல்லையென்றால் இழப்பீடு இல்லை. மூடுவதற்கு முன்பே பாஸ்புக்கைப் பதிந்து வையுங்கள். மூடக் கட்டணம் கேட்டால் வங்கியின் கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வருடம் தாண்டிய சேமிப்புக் கணக்கை மூடப் பல வங்கிகளில் கட்டணமே கிடையாது.

நான்காவது, எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். இணையத்தில் போடலாம், தபாலில் தமிழிலேயே எழுதியும் அனுப்பலாம். செலவு இல்லை, வக்கீலும் வேண்டாம். ஏற்பட்ட நஷ்டத்துக்கும், நேர விரயம், அலைக்கழிப்பு, மன உளைச்சலுக்கும் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது; 2021-இன் திட்டத்தில் நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைக்கழிப்பு போன்றவற்றுக்கு 1 லட்சம் வரையும் என்று வரம்பு இருந்தது. மூன்று முறை அலைந்ததற்குப் பேருந்துச் செலவும் விட்டுப்போன வகுப்பும் இருக்கிறதே, அதையும் எழுதுங்கள்.

ஆனால் இதெல்லாம் தனி ஆள் போராட்டம். ஒரு மாணவி கணக்கை மூடினால் வங்கிக்கு ஒன்றும் ஆகாது. அரசு ஊழியர்களுக்குச் சலுகை கிடைத்தது அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டதால் அல்ல. அரசு அவர்களை ஒரே கூட்டமாக வைத்துப் பேரம் பேசியது. அதே பேரத்தை மாணவர்களுக்காகவும் பேசட்டும். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை வங்கிகளை அழைத்து ஒப்பந்தம் போடட்டும். உதவித்தொகைக் கணக்கில் எந்தப் பெயரிலும் பிடித்தம் கூடாது. எந்த வங்கியிலிருந்தும் ஏழு நாளில் மாற வழி வேண்டும். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் கார்டுக்காரருக்குக் கொடுக்கும் அதே 500 ரூபாய் மாணவருக்கும் வேண்டும். விடுதி மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு வேண்டும். ஒப்புக்கொள்ளும் வங்கிக்கு லட்சக்கணக்கான கணக்குகள் போகட்டும், ஒப்புக்கொள்ளாத வங்கி இழக்கட்டும்.

உங்கள் கல்லூரியில் இந்த வாரமே தொடங்கலாம். விடுதி அறை அறையாகப் போய், கடந்த ஒரு வருடத்தில் யார் கணக்கில் எவ்வளவு, என்ன பெயரில் பிடித்திருக்கிறார்கள் என்று பாஸ்புக்கைப் பார்த்து எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை மேலே போட்டு, இந்த நான்கு கோரிக்கைகளைக் கீழே எழுதி, கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியரிடமும் துறைச் செயலாளரிடமும் கொடுங்கள். பேரத்துக்கு முதலில் வேண்டியது நம் கையில் ஒரு கணக்கு.

ஜெய்பீம்.