சோழர் ஏரி எது?

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே இன்று பொன்னேரி என வழங்கும் சோழகங்கத்தின் கரையில் நின்று, அதனைக் கங்கை வெற்றிக்கு நாட்டிய நீர்மயமான ஜயஸ்தம்பமாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுவதை நினைக்கும் எவருக்கும், வங்கக்கடலையே "சோழர் ஏரி" என்று மேடைதோறும் முழங்கும் அபிப்பிராயம் பிழை என்றே தோன்றும். ஏரிக்குக் கரையும் மதகும் உடையவனும் உண்டு. கடலோ பலருக்கும் வழி.

1025-இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய படை மலாய்த் தீபகற்பத்துக் கடாரத்தைச் சோழ சாம்ராஜ்யத்தோடு சேர்த்தது என்பர். அவனது மெய்க்கீர்த்தியோ, கப்பல்களை அனுப்பியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், நிதியையும் வித்தியாதர தோரணத்தையும் கவர்ந்ததையும் சொல்கிறதேயன்றி, ஆண்டதைச் சொல்லவில்லை. சோழர் மெய்யாகவே ஆண்ட பொலன்னறுவையில் அவர்தம் சிவாலயங்களும் தமிழ்ச் சாசனங்களும் நிற்கின்றன. மலாக்கா நீரிணைக் கரையில் அவர்களுடைய ஆட்சிச் சாசனம் ஒன்றும் கிடைத்திலது.

வெற்றி நிலைபெற்றது என்பதும் பொருந்தாது. நிலைபெற்றிருப்பின், ஏறத்தாழ 1068-இல் வீரராஜேந்திரன் கடாரத்தை மீண்டும் வென்று, அதன் மன்னனிடமே திருப்பிக் கொடுப்பானேன்?

கொள்ளையே நோக்கம் என்பாரும் உளர். கொள்ளை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் படையெடுப்பின் காரணத்தை மெய்க்கீர்த்தி கூறாவிடினும், அது அடுக்கும் ஊர்களே கூறுகின்றன என்பது என் துணிபு. நக்கவாரம் என்னும் நிக்கோபாரும், சுமத்திராவின் வடமுனையிலுள்ள இலாமுரியும், அத்தீவின் கீழ்க்கரைப் பண்ணையும், எதிர்க்கரைக் கடாரமும், தெற்கே ஸ்ரீவிஜயமும் சீனத்துக்குப் போகும் கப்பல் பெரும்பாலும் கடக்கும் முதன்மை வழியின் வாயில்கள். பருவக்காற்று மாறுமளவும் அத்துறைகளில் தங்கவும் நேரும். 1015-இல் சீன அரசவையை அடைந்த சோழத் தூதுக்குழு அந்த வழியின் அருமையை அறிந்தே திரும்பியிருக்கும். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் வழங்கிய அளவுக்கு நட்பாயிருந்த இரு நாடுகள் இருபது ஆண்டுகளில் போருக்கு நின்றன என்றால், வழியை அடைத்து வைக்கும் அதிகாரம் எவருக்கு என்ற வழக்கன்றி வேறு தக்க காரணம் எனக்குப் புலப்படவில்லை.

போருக்குப் பின் அக்கரையில் நிலைத்தவர் வணிகர். சுமத்திராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை நாட்டியவர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். எந்தச் சோழ அதிகாரியும் அல்லர். 1090-இல் கடாரத்து அரசனின் தூதர் இருவர் சோழ மன்னன் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்து விகாரத்தின் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டுப் பெற்றனர். அடிமைத் தேசத்தார் இவ்வாறு தூது வருவதில்லை.