கம்பெனி அமெரிக்காவில், முதலாளி தென்காசியில்: யாருக்குக் கணக்கு காட்டணும்?

ஒரு லேப்டாப், இன்டர்நெட், கிரெடிட் கார்டு. இந்த மூன்றும் இருந்தால் தென்காசியில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே அமெரிக்காவின் வயோமிங்கிலோ டெலவேரிலோ ஒரு கம்பெனி தொடங்கிவிடலாம். விசா வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் டாலரில் பணம் வாங்குவது சுலபம் என்பதால் ஆப் தயாரிப்பவர்கள், டிசைனர்கள், ஃப்ரீலான்ஸர்கள் இந்த வழியை நாடுகிறார்கள். இப்படித் தொடங்கப்படுவது பெரும்பாலும் 'எல்எல்சி' என்ற வகை நிறுவனம். ஒரே ஒருவர் மட்டும் அதன் உரிமையாளராக இருக்கலாம்.

இதற்கான விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம், "அமெரிக்காவில் வரியே கிடையாது" என்பது. பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால், வரி இல்லை என்பதும் கணக்கு காட்ட வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால், அந்தக் கம்பெனி சம்பாதித்ததைவிட அபராதம் பெரிதாகிவிடும்.

வரி இல்லை, ஆனா படிவம் உண்டு

ஒரே ஒரு வெளிநாட்டு உரிமையாளர் உள்ள எல்எல்சியை அமெரிக்க வருமான வரித்துறை தனி வரிதாரராகப் பார்ப்பதில்லை. உரிமையாளர் இந்தியாவில் இருந்தே வேலை செய்கிறார், அமெரிக்காவில் அலுவலகமோ ஊழியரோ இல்லை என்றால், பொதுவாக அங்கே மத்திய அரசின் வருமான வரி வராது.

ஆனால், 2017-ம் ஆண்டு முதல் இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் 'படிவம் 5472'-ஐத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. கூடவே 'படிவம் 1120'-ன் முதல் பக்கத்தையும் இணைக்க வேண்டும். வழக்கமான கெடு ஏப்ரல் 15. இதை ஆன்லைனில் அனுப்ப முடியாது. தபாலிலோ ஃபேக்ஸிலோதான் அனுப்ப வேண்டும்.

"இந்த வருஷம் ஒரு கஸ்டமர்கூட வரலையே, அப்பவுமா?" என்ற கேள்வி எழலாம். உரிமையாளர் கம்பெனிக்குள் போட்ட பணம், வெளியே எடுத்த பணம், ஏன், கம்பெனியைத் தொடங்கச் செலவழித்த பணம்கூட இந்தப் படிவத்தில் காட்ட வேண்டிய பரிவர்த்தனைதான். தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 25,000 டாலர். ரூபாயில் 20 லட்சத்துக்கும் மேல். நோட்டீஸ் வந்து 90 நாள்கள் கடந்தும் தாக்கல் செய்யாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000 டாலர் சேரும்.

மாநிலக் கட்டணம் தனி. டெலவேரில் எல்எல்சிக்கான ஆண்டு வரியை ஜூன் 1-க்குள் கட்ட வேண்டும். வயோமிங்கில் ஆண்டு அறிக்கைக்குக் குறைந்தபட்சம் 60 டாலர்.

சரி, இந்தியாவில் என்ன கதை?

முதல் கதவு ரிசர்வ் வங்கி. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டில் சொந்த நிறுவனம் தொடங்கினால், அது அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி 'வெளிநாட்டு நேரடி முதலீடு'. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் இதற்குப் பொருந்தும். தனிநபருக்கான உச்சவரம்பு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். முதலீட்டை வங்கி வழியாக, அதற்குரிய படிவத்துடன் செய்து அடையாள எண் பெற வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் நிறுவனத்தின் செயல்பாட்டு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். இணையதளத்தில் கார்டு எண்ணைப் போட்டு பத்து நிமிடத்தில் கம்பெனி தொடங்குபவர், இப்படி ஒரு நடைமுறை இருப்பதையே கவனிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கதவு வருமான வரித்துறை. வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு, வெளிநாட்டு வங்கிக் கணக்கு இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் அதை ரிட்டர்னில் 'அட்டவணை எஃப்ஏ' பகுதியில் காட்ட வேண்டும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது கட்டாயம். இந்த அட்டவணை ஏப்ரல்-மார்ச் கணக்கில் வராது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான விவரம் கேட்கும். எளிய படிவங்களான ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ஆகியவற்றில் இந்தப் பகுதியே கிடையாது. தவறான படிவத்தைத் தேர்வு செய்தவர் காட்ட நினைத்தாலும் காட்ட முடியாது.

காட்டாமல் விட்டால், 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு உண்டு. அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. அபராதத்துக்குத்தான் தளர்வு. விவரம் காட்டும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்ற தைரியமும் இப்போது செல்லாது. இந்தியாவும் அமெரிக்காவும் வங்கிக் கணக்குத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ள 2015-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

லாபத்துக்கு வரி எங்கே?

ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் முக்கிய முடிவுகள் இந்தியாவில் எடுக்கப்பட்டால், அதை இந்தியாவில் வசிக்கும் நிறுவனமாகவே கருதி வரி கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆண்டு வருவாய் 50 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனங்களுக்கு இந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்று 2017-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் விலக்கு கொடுத்தது.

இந்த விலக்கை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. வேலை நடக்கும் இடம் இந்தியா என்பதால், அந்த வேலையில் வந்த லாபத்துக்கு இந்தியாவில் வரி உண்டு. "டாலரா அங்கேயே கிடக்குது, இங்க எடுத்துட்டு வரலையே" என்ற வாதம் எடுபடாது. லாபம் உரிமையாளரின் வருமானமாகக் கருதப்பட்டால் தனிநபர் வரி விகிதம். வெளிநாட்டு நிறுவனத்தின் வருமானமாகக் கருதப்பட்டால் 35 சதவீதம். 2024 பட்ஜெட்டுக்கு முன் இது 40 ஆக இருந்தது. இரண்டில் எது என்பது ஒப்பந்தங்களையும் வேலை நடக்கும் விதத்தையும் பொறுத்தது. ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விற்பவர்கள் சொல்ல வேண்டியது

பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கெடுக்களைக் கவனிக்கத் தனித் துறைகளே இருக்கின்றன. மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வெப்சைட் செய்து கொடுக்கும் இளைஞருக்கு அந்த வசதி இல்லை. அபராதத் தொகை மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. அவருடைய பல ஆண்டுச் சேமிப்பு ஒரு படிவத்தில் போய்விடக்கூடும். எனவே, கம்பெனிப் பதிவை விற்கும் தளங்கள் பதிவுக் கட்டணத்தோடு ஆண்டுச் செலவையும் கெடுக்களையும் அதே பக்கத்தில் போட வேண்டும். சிறு தொழில் செய்பவருக்குப் புரியும்படி, ரிசர்வ் வங்கியும் வருமான வரித்துறையும் சேர்ந்து தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒரு வழிகாட்டியை வெளியிடுவதும் அவசியம்.

அதுவரை, தொடங்க நினைப்பவர்கள் கார்டை எடுப்பதற்கு முன் வங்கியிலும் ஆடிட்டரிடமும் பேசிவிடுவது நல்லது. வெளிநாட்டு கம்பெனி தனக்கு உண்மையிலேயே தேவையா, இங்கேயே தொழில் நடத்தி டாலரில் பில் போட முடியாதா என்றும் யோசிக்கலாம். ஏற்கெனவே தொடங்கியவர்கள், விட்டுப்போன படிவங்களைப் பட்டியலிட்டு, நோட்டீஸ் வருவதற்கு முன்பே தாக்கல் செய்துவிட வேண்டும். ரிட்டர்னைக் காலக்கெடுவுக்குள் திருத்தவும், தாமதமான அந்நியச் செலாவணி அறிக்கைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்தவும் வழி இருக்கிறது. கம்பெனி இனி வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதை முறைப்படி மூட வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் ஆண்டுக் கட்டணமும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும்.